மேரிலாந்து, வெஸ்ட் வர்ஜீனியா: சகோதரக் கப்பல்கள் இரண்டை 1/350 அளவில் செய்த பதிவு

கூண்டுக் கம்பம் (குழாய்களைக் கூண்டு போலக் கட்டிய கப்பல் கம்பம்) கோணாமல் நின்றுவிட்டதால் இந்தப் பதிவை இப்போது எழுதலாம். முதல் உலகப்போர்க் காலத்து அமெரிக்க டிரெட்நாட் (பெரும்பீரங்கிப் போர்க்கப்பல்) வரிசையில் கடைசியாகக் கட்டி முடிக்கப்பட்ட கொலராடோ வகுப்பைச் சேர்ந்த மேரிலாந்து, வெஸ்ட் வர்ஜீனியா ஆகிய இரு போர்க்கப்பல்களையும், நீர்க்கோட்டுக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மரமும் பிளாஸ்டிக் தாளும் கம்பியும் கொண்டு செய்திருக்கிறேன். இரண்டும் நியூபோர்ட் நியூஸ் கப்பல் தளத்தில் ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்டவை. மேரிலாந்து 1921 ஜூலையிலும் வெஸ்ட் வர்ஜீனியா 1923 டிசம்பரிலும் பணியில் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு இரட்டைக் கோபுரங்களில் எட்டு 16 அங்குல பீரங்கிகள், இரண்டு புகைபோக்கிகள், முன்னும் பின்னும் ஒவ்வொரு கூண்டுக் கம்பம். அந்த நிலையில் செய்தால் ஒன்றுக்கு இரண்டாக ஒரே கப்பலைச் செய்தது போலத்தான் இருக்கும். எனவே நான் தேர்ந்த நாள் 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸில் ஜப்பானியக் கப்பல்களோடு சுரிகாவ் நீரிணைச் சண்டை நடந்த இரவு. அன்று இவ்விரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தவர் யாரும் உடன்பிறந்தவை என்று சொல்லியிருக்கமாட்டார்.

சகோதரக் கப்பல்களைச் செய்ய நினைப்பவர் பலகையை எடுக்கும் முன் ஒரு தேதியை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இரு கப்பல்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் வடிவமைப்பிலிருந்து வருவதில்லை. எந்தக் கப்பல் எந்த ஆண்டில் எந்தப் பழுதுபார்ப்புத் தளத்துக்குள் போய் வந்தது என்பதிலிருந்து வருகிறது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் தாக்கியபோது, பேர்ல் துறைமுகத்தில் மேரிலாந்து கரையோரமாகவும் ஓக்லஹோமா என்னும் போர்க்கப்பல் அதற்கு வெளிப்புறமாகவும் நிறுத்தப்பட்டிருந்தன. டார்பிடோக்களை ஓக்லஹோமா வாங்கிக் கவிழ்ந்தது. மேரிலாந்து இரண்டு குண்டுகளோடு தப்பி, 1942 பிப்ரவரியிலேயே பணிக்குத் திரும்பியது. வெஸ்ட் வர்ஜீனியா வெளிப்புறத்தில் நின்றது. ஏழு டார்பிடோக்கள் வரை பாய்ந்து அமிழ்ந்த அதை 1942 மே மாதம் மிதக்கவிட்டு, பியூஜெட் சவுண்டு கடற்படைத் தளத்துக்குக் கொண்டுசென்று, 1944 ஜூலையில் வேறொரு கப்பலாகவே வெளியே அனுப்பினார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு உள்புறம் நின்ற டென்னசியும் பிற்பாடு இதே மாதிரி முழுமாற்றம் பெற்றது. ஆகையால் நிறுத்திய இடம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த இரு சகோதரிகளைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை.

தேதி பற்றிய இந்த எச்சரிக்கைக்கு மேரிலாந்தே நல்ல சான்று. 1945-இல் பழுதுபார்த்தபோது அதன் பழைய ஐந்து அங்குல பீரங்கிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மூடிய இரட்டைப் பீரங்கிக் கூடுகள் எட்டைப் பொருத்தினார்கள். இணையத்தில் கிடைக்கும் தெளிவான மேரிலாந்து படங்களில் சில அந்த நிலையைக் காட்டுபவை. அவற்றையும் 1944-ஆம் ஆண்டுப் படங்களையும் கலந்து பார்த்துச் செய்தால் எந்த நாளிலும் இல்லாத ஒரு கப்பல் உருவாகிவிடும். நான் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஆண்டையும் மாதத்தையும் எழுதி, தேதி உறுதியாகாதவற்றைத் தனி உறையில் போட்டுவிட்டேன்.

உடல் இரண்டுக்கும் ஒன்றுதான். மொத்த நீளம் 624 அடி. 1/350 அளவில் 543.4 மி.மீ. கட்டியபோது இருந்த அகலம் 97 அடி 6 அங்குலம், மாதிரியில் 84.9 மி.மீ. வரைபடத்தை இரண்டு ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டினேன். அச்சுக்கடையில் பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கும் அமைப்பு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால், வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளமுள்ள ஒரு கோட்டைச் சேர்த்து, தாள் கையில் வந்ததும் முதலில் அதை அளந்து பார்ப்பது நல்லது. 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை இரண்டை இருபக்க ஒட்டுநாடாவால் சேர்த்து, இரண்டையும் ஒரே தடவையில் அறுத்து, சேர்ந்தே இருக்கையில் 120-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்ததால் இரு உடல்களும் இம்மி பிசகாமல் ஒத்துவந்தன. பின்பகுதியில் ஒரு தளம் தாழ்ந்துவிடும். ஆகவே முன்பக்கத்திலிருந்து அந்த இறக்கம் வரை 7 மி.மீ. கனத்தில் இன்னொரு அடுக்கை ஒட்டினேன். எம்.டி.எஃப். பலகையின் விளிம்பு வண்ணத்தை உறிஞ்சி நார்நாராக எழும்பும். அதைத் தடுக்க, நீர்த்த சூப்பர் குளூவை விளிம்பு முழுவதும் தடவிக் காயவிட்டு, பிறகு பட்டி வைத்தேன்.

முதல் வேறுபாடு இங்கேயே வந்துவிடுகிறது. டார்பிடோவைத் தாங்குவதற்காக இரு கப்பல்களுக்கும் பக்கவாட்டில் புடைப்புகள் சேர்க்கப்பட்டன. ஆனால் ஒரே அளவில் அல்ல. மேரிலாந்தின் அகலம் 108 அடியானது, வெஸ்ட் வர்ஜீனியாவின் அகலம் 114 அடியானது. பனாமா கால்வாயின் அன்றைய மதகுகள் 110 அடி அகலம் கொண்டவை. ஆகவே முன்னது கால்வாயில் நுழைய முடிந்தது, பின்னதால் முடியவில்லை. மாதிரியில் இது 94.1 மி.மீ.-க்கும் 99.3 மி.மீ.-க்கும் உள்ள வேறுபாடு: மேரிலாந்துக்குப் பக்கத்துக்கு 4.6 மி.மீ., வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு 7.2 மி.மீ. சேர்க்க வேண்டும். ஒரு மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் தாளைப் பட்டைபட்டையாக வெட்டி, அடுக்கி ஒட்டி, இரு முனைகளிலும் படிப்படியாக மெலியும்படி அரத்தால் சீவினேன். மேலிருந்து பார்த்தால் வெஸ்ட் வர்ஜீனியாவின் இடுப்பு கனத்துத் தெரிகிறது. பக்கவாட்டுப் படங்களில் இது சற்றும் புலப்படாது. வானிலிருந்து எடுத்த படம் ஒன்று கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

இனி மேரிலாந்தின் கூண்டுக் கம்பம். பின்புறக் கூண்டு போரின்போது வெட்டப்பட்டு, அதன் இடத்தில் குட்டையான கோபுரம் வந்துவிட்டது. முன்புறக் கூண்டு மட்டும் போர் முடியும் வரை நின்றது. வெஸ்ட் வர்ஜீனியாவில் இரண்டுமே இல்லை. தொலைவிலிருந்து இவ்விரு கப்பல்களையும் பிரித்துச் சொல்ல இந்த ஒரே ஒரு கம்பம் போதும் என்பதால், மற்றெந்தப் பகுதியையும்விட இதற்கே அதிக நேரம் கொடுத்தேன்.

கூண்டுக் கம்பம் வளைவாகத் தோன்றினாலும் அதில் வளைந்த குழாய் ஒன்றுகூட இல்லை. கீழ்வட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து மேல்வட்டத்தில் சற்றுத் தள்ளியிருக்கும் புள்ளிக்கு நேர்க்குழாய்கள் சாய்வாக ஏறுகின்றன; இன்னொரு தொகுதி எதிர்த்திசையில் சாய்ந்து ஏறுகிறது; இரண்டும் குறுக்கிடும் இடங்களில் பிணைக்கப்படுகின்றன. ஒரு குண்டு சில குழாய்களை அறுத்தாலும் மற்றவை தாங்கும் என்பதே இதன் நோக்கம். காற்றை அது எப்போதும் தாங்கவில்லை என்பது வேறு கதை: 1918 ஜனவரியில் மிச்சிகன் போர்க்கப்பலின் முன்கூண்டு புயலில் முறிந்து விழுந்து ஆறு பேர் இறந்தார்கள்.

கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் 36-ஆம் கேஜ் தாமிரக் கம்பி வாங்கினேன். அதன் கனம் 0.19 மி.மீ.; 350-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 67 மி.மீ. குழாயாகும், அளவுக்கு மிகவும் நெருக்கமானது. எடைக்கு விற்கிறார்கள், 100 கிராம் 140 ரூபாய்க்குக் கிடைத்தது, அதில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. சுருளிலிருந்து வரும் கம்பி அலையலையாக இருக்கும். ஒரு முனையை மேசைப் பிடியில் இறுக்கி, மறுமுனையைக் குறட்டால் பற்றி, கை உணரும்படி கம்பி ஒரு சிறிது நீளும் வரை மெதுவாக இழுத்தால் அது நூல்பிடித்தாற்போல் நேராவதோடு கொஞ்சம் விறைத்தும் விடுகிறது. இதைச் செய்யாமல் கட்டிய கூண்டு விரல் பட்டதும் குழிந்துவிடும்.

சட்டத்துக்கு 1.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் இரண்டு வட்டங்கள்: கீழே 23 மி.மீ. விட்டம், மேலே 9 மி.மீ. ஒவ்வொன்றின் விளிம்பிலும் 15 பாகைக்கு ஒன்றாக 24 வெட்டுகள். இரண்டின் மையத்திலும் துளையிட்டு ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியில் கோத்து, வேண்டிய உயரத்தில் சிறு துளி பசையால் நிறுத்தினேன். கம்பியை ஒரு வெட்டிலிருந்து மேலே கொண்டுபோய், எத்தனை வெட்டு தள்ளிக் கட்டுவது என்பதில்தான் முழு உருவமும் இருக்கிறது. எட்டு வெட்டு, அதாவது 120 பாகை தள்ளிக் கட்டியபோது நடுப்பகுதி 6.3 மி.மீ. வரை ஒடுங்கி, உடுக்கை போல ஆகிவிட்டது. படத்தில் மேரிலாந்தின் கூண்டு அப்படி இல்லை. அடியில் அகன்று, மேலே போகப்போக ஒடுங்கி, உச்சிக்குச் சற்றுக் கீழே மட்டும் இடுப்பு இருப்பதாகத் தோன்றும். ஐந்து வெட்டு, 75 பாகை தள்ளியபோது மிகக் குறுகிய இடம் 8.9 மி.மீ. ஆனது, உருவமும் படத்தோடு பொருந்தியது. கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியும்தான், ஆனால் பழைய நூலைக் கட்டிப் பார்ப்பது அதைவிட விரைவானது.

முதலில் ஒரு திசைக் கம்பிகள் 24-ஐயும் கட்டி முடித்து, பிறகு அவற்றுக்கு வெளியே எதிர்த்திசைக் கம்பிகளைக் கட்ட வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டினால் பின்னல் விழுந்து, கம்பிகள் ஒன்றையொன்று தள்ளி அலைபாயும். குறுக்குச் சந்திகளில் நீர்த்த சூப்பர் குளூவை ஊசிமுனையால் தொட்டு வைத்தேன். ஊசியில் எடுக்கும் துளி கடுகில் பாதிகூட இருக்கக் கூடாது. கூடினால் கட்டங்களுக்கு நடுவே பசை படலமாக நின்றுவிடும். மூடிய அறையில் ஒட்டினால் பக்கத்துக் கம்பிகளில் வெண்பூச்சு படிகிறது. மின்விசிறியைத் தள்ளி வைத்து மெல்லிய காற்றோட்டம் இருக்கும்படி செய்ததும் அது நின்றது. இடையிடையே கிடைமட்ட வளையங்கள் வேண்டும். அதே கம்பியை வெவ்வேறு கனமுள்ள பென்சில், டிரில் பிட் ஆகியவற்றில் சுற்றி வெட்டி, வெளிப்புறத்தில் ஒட்டினேன். கடைசியில் ஸ்போக் கம்பியை உருவிவிட்டால் கூண்டு தனியே நிற்கும். கீழ்வட்டம் கப்பலை இயக்கும் பால அறையின் கூரையோடும் மேல்வட்டம் குறிநோக்கு மேடையின் தரையோடும் சேர்ந்துவிடுவதால் அவற்றை நீக்க வேண்டியதில்லை. மேடையும் ரேடார் சட்டமும் ஏறிய பிறகு கூண்டு சிறிதும் சாயவில்லை.

வெஸ்ட் வர்ஜீனியாவின் மேற்கட்டுமானம் இதற்கு நேர்மாறான வேலை: மெல்லிய கம்பி கிடையாது, எல்லாம் பெட்டிமேல் பெட்டி. பழைய இரண்டு புகைபோக்கிகளுக்குப் பதிலாக ஒன்றே, அதுவும் முன்கோபுரத்தோடு ஒட்டி எழுகிறது. ஐந்து அங்குல பீரங்கிகளுக்குக் குறிபார்த்துத் தரும் மார்க் 37 டைரக்டர்கள் முன், பின், இடம், வலம் என நான்கு. பெரிய பீரங்கிகளுக்கான டைரக்டரின் மேல் மார்க் 8 ரேடார். இந்தப் பெட்டிகளைத் தனித்தனியாகச் செய்து பிறகு அடுக்கும் முறையில் எங்கேயாவது அரை மி.மீ. சாய்வு சேர்ந்து, உச்சிக்குப் போகையில் கோபுரமே ஒருபக்கம் சாய்ந்ததாகத் தெரியும். ஆகையால் எல்லாத் தளங்களையும் துளைத்துக்கொண்டு போகும் 2 மி.மீ. பித்தளைக் கம்பிகள் இரண்டை முதலில் உடலில் நட்டு, ஒவ்வொரு தளத்தையும் அவற்றின் வழியாக இறக்கினேன்.

அந்த ரேடார்கள் வெறும் அலங்காரமல்ல. சுரிகாவ் இரவில் நடந்ததை அவையே விளக்குகின்றன. வரிசையின் முதலில் சென்ற வெஸ்ட் வர்ஜீனியா 22,800 கஜத்தில் சுடத் தொடங்கி 93 குண்டுகளைச் செலவிட்டது. பின்னால் வந்த மேரிலாந்திடம் பழைய மார்க் 3 ரேடார்தான் இருந்தது. வெஸ்ட் வர்ஜீனியாவின் குண்டுகள் எழுப்பிய நீர்த்தூண்களை வைத்துத் தூரத்தைக் கணித்து 48 குண்டுகளைச் சுட்டது. மாதிரியில் இந்த வேறுபாட்டைக் காட்டுபவை விரல் நகத்தைவிடச் சிறிய இரண்டு சட்டங்கள். மார்க் 3-இன் சட்டத்தைக் கூண்டின் உச்சி மேடையில் ஒட்டும்போது கிடுக்கி நடுங்கினால் கீழே உள்ள கூண்டும் நடுங்கும். எனவே கூண்டை நட்ட பிறகு ஒட்டாமல், மேடையைக் கையில் வைத்தே ரேடாரைப் பொருத்திவிட்டு, அதன்பின் மேடையை ஏற்றுவது மேல்.

ஐந்து அங்குல பீரங்கிகளில் வேறுபாடு இன்னும் வெளிப்படையானது. மேரிலாந்தில் திறந்தவெளியில் நிற்கும் 25 காலிபர் (குழலின் நீளம் வாயகலத்தைப் போல் 25 மடங்கு) விமான எதிர்ப்புப் பீரங்கிகள் எட்டு. வெஸ்ட் வர்ஜீனியாவில் 38 காலிபர் பீரங்கிகள் 16, எட்டு மூடிய இரட்டைக் கூடுகளில். எட்டுக் கூடுகளையும் கையால் செதுக்கினால் எட்டும் எட்டு விதமாக இருக்கும். ஆகவே ஒன்றை மட்டும் பிளாஸ்டிக்கில் கவனமாகச் செய்து, சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, ரெசின் ஊற்றினேன். கூட்டின் அகலம் 13 மி.மீ.-க்குச் சற்று மேல், இரு குழல்களின் இடைவெளி 6 மி.மீ. சிலிக்கானை உயரத்திலிருந்து நூலாக, ஒரு மூலையில் மட்டுமே ஊற்றி, அது தானாகப் பரவி மாதிரியை மூடும்படி விட்டால் குமிழிகள் பெரும்பாலும் உடைந்துவிடுகின்றன. குழல்களுக்கு மருந்து செலுத்தும் 24-ஆம் கேஜ் ஊசி சரியான கனம். முனை துளையோடு வருவதால் பீரங்கி வாயைத் தனியே துளைக்கவேண்டியதில்லை. ஊசியைக் குறட்டால் வெட்டினால் வாய் நசுங்கும், ஆகவே முக்கோண அரத்தால் சுற்றிலும் கீறி முறிக்க வேண்டும்.

பெரிய பீரங்கிகள் இரு கப்பல்களுக்கும் பொது. 3 மி.மீ. பித்தளைக் கம்பியை டிரில்லில் பொருத்திச் சுழலவிட்டு, அரமும் உப்புத்தாளும் பிடித்து, வாய்ப்பகுதி 2 மி.மீ. ஆகும் வரை மெலிய வைத்தேன். மொத்தம் 16 குழல்கள். அலுப்பான வேலை, சொல்வதற்கு வேறொன்றுமில்லை. 40 மி.மீ. நாற்குழல் பீரங்கிகளைச் செய்ய என் கைக்கும் கண்ணுக்கும் திறன் போதாது என்பதால் முப்பரிமாண அச்சில் செய்தவற்றை வாங்கிவிட்டேன். வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு மட்டும் பத்து வேண்டும்.

வண்ணத்தில் நான் வரலாற்றை விட்டு விலகினேன். வெஸ்ட் வர்ஜீனியா அன்று மெஷர் 32 என்னும் துண்டுதுண்டான உருமறைப்பு வண்ணத்தில் இருந்தது. அந்த வண்ணத்தின் வேலையே கப்பலின் உருவத்தைக் கண்ணிலிருந்து மறைப்பது. உருவத்தைக் காட்டுவதற்காகவே செய்த மாதிரியில் அதைப் பூசுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறத்தைத் தெளித்தேன். கூண்டுக்கு மட்டும் ஸ்ப்ரே டப்பாவைப் பயன்படுத்தாமல் ஏர்பிரஷ் எடுத்தேன், ஏனென்றால் டப்பாவின் கனத்த பூச்சு கட்டங்களை அடைத்துவிடும். சரிபார்க்க, ஒவ்வொரு மாதிரியையும் வெள்ளைத் துணிக்கு முன் வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியின் பெரிதாக்கும் வசதியில் பக்கவாட்டுப் படம் எடுத்து, பழைய புகைப்படத்தின் மேல் அரைகுறை ஒளிபுகும் அடுக்காக வைத்துப் பார்த்தேன். கிட்ட நின்று எடுத்தால் கம்பங்களின் உயரம் பொய்யாகத் தெரியும். இந்தச் சோதனையில் மேரிலாந்தின் பின்கோபுரம் 3 மி.மீ. உயரமாக இருந்தது தெரியவந்து, அடியில் அறுத்துக் குறைத்தேன்.

இரண்டு கப்பல்களுக்கும் சேர்த்துச் செலவு ஏறக்குறைய 7,700 ரூபாய். அதில் முப்பரிமாண அச்சுப் பீரங்கிகள் 2,600, சிலிக்கானும் ரெசினும் 1,900, பிளாஸ்டிக் தாள்கள் 1,400. பார்ப்பவர் கண் முதலில் போகும் கூண்டுக் கம்பத்துக்கு ஆனது கம்பிக்கும் பசைக்கும் கொடுத்த காசு மட்டுமே.

அடுத்து மூன்றாவது சகோதரியான கொலராடோவைச் செய்வதாக இருக்கிறேன். டிசம்பர் 7 அன்று பியூஜெட் சவுண்டில் பழுதுபார்ப்பில் இருந்ததால் தாக்குதலுக்குத் தப்பிய கப்பல் அது. முன்கூண்டு அதிலும் கடைசி வரை நின்றது. அதற்கு வட்டங்களைப் பிளாஸ்டிக்கில் வெட்டாமல் 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டில் வெட்டுவேன், ஏனெனில் கம்பியை இழுத்துக் கட்டும்போது பிளாஸ்டிக் வெட்டுகள் மெல்ல அகன்று, கடைசியில் கட்டிய கம்பிகள் தளர்ந்துவிட்டன. புடைப்பையும் பட்டைகளாக அடுக்காமல் ஒரே மரத்துண்டில் செதுக்கி ஒட்டுவேன். பிளாஸ்டிக் அடுக்குகளின் இணைப்புக் கோடுகள் எத்தனை பட்டி வைத்தாலும் சாம்பல் வண்ணத்தின் அடியில் மீண்டும் தலைகாட்டுகின்றன.